கீழ்த்தாடை முன்னால் நிற்கிறது: கிளிப் போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 23. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருக்கிறது. கீழ் முன்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே நிற்கின்றன. முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. கேன்டீனில் பரோட்டாவைக்கூடச் சிறிது சிறிதாகப் பிய்த்துக் கடைவாய்க்குள் தள்ளித்தான் சாப்பிடுகிறேன். 'ஸ' வரும் சொற்கள் தெளிவாக வருவதில்லை. ஒரு பல் மருத்துவர், கீழே இரண்டு பல்லை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர், தாடையையே அறுவை சிகிச்சை செய்து பின்னால் தள்ள வேண்டும் என்கிறார். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே முகம்தான். "எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது, கத்தி வைத்து முகத்தை மாற்றுவானேன்?" என்று அப்பா கோபப்படுகிறார். அம்மாவுக்கு மயக்க மருந்து என்றாலே பயம். உதடு மரத்துப்போய்விடும் என்றும் கேள்விப்பட்டேன். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உடனடியாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல் சீரமைப்பு நிபுணரும் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து உங்களைப் பரிசோதித்து, ஒரே திட்டத்தைச் சொல்லும்வரை ஒரு பல்லைக்கூட எடுக்கச் சம்மதிக்காதீர்கள். உங்களைப் பார்த்த இருவர் சொன்னதும் மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்ட சிகிச்சைகளே. ஆனால் அவை எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு வழிகள். ஒன்றில் பாதி தூரம் போய்விட்டு மற்றொன்றுக்குத் திரும்புவது மிகவும் கடினம்.

தாடை எலும்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளரும்போது, பற்கள் தாமாகவே சாய்ந்து அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டப் பார்க்கும். உங்களைப் போன்றவர்களுக்குக் கீழ் முன்பற்கள் நாக்குப் பக்கமும், மேல் முன்பற்கள் உதட்டுப் பக்கமும் சாய்ந்திருக்கும். கிளிப் மட்டும் போட்டுச் செய்யும் சிகிச்சை இந்தச் சாய்வை மேலும் கூட்டி, எலும்பில் உள்ள பிழையைப் பற்களால் மறைக்கிறது. கீழ்ப்பற்களில் இரண்டை எடுப்பது அதற்கு இடம் உண்டாக்கத்தான். அறுவை சிகிச்சைக்கு ஆயத்தம் செய்யும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது: சாய்ந்த பற்களை அந்தந்த எலும்பின் மேல் நேராக நிறுத்துவார்கள், பல் எடுக்க வேண்டி வந்தால் பெரும்பாலும் மேல்தாடையில் எடுப்பார்கள். எலும்பின் பொருத்தமின்மை சிறிதாக இருந்தால் முதல் வழி போதுமானது, அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது பற்களை மட்டும் வளைத்துக் கடியைச் சரிக்கட்ட முயன்றால், கீழ் முன்பற்களின் வேர்கள் மெல்லிய எலும்பை விட்டு வெளியே தள்ளப்பட்டு, ஈறு இறங்கக்கூடும். தாடையும் முகமும் இருந்தபடியேதான் இருக்கும். எது சிறிது, எது பெரிது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரேயில் கோணங்களையும் நீளங்களையும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

அந்த அளவீட்டில் இன்னொரு உண்மையும் தெரியவரலாம். கீழ்த்தாடை முன்னால் வந்திருப்பதாகத் தோன்றும் பலருக்குக் கோளாறு மேல்தாடையில் இருக்கிறது. அது போதிய அளவு முன்னோக்கி வளராததால் கீழ்த்தாடை நீண்டதுபோல் தெரிகிறது. சிலருக்கு இரண்டுமே கலந்திருக்கும். ஆகவே "பின்னால் தள்ள வேண்டும்" என்று சொல்லப்பட்டது உங்களுக்குப் பொருந்துமா என்பதே இன்னும் முடிவாகாத கேள்விதான். மேல்தாடையை முன்னால் கொண்டுவருவதா, கீழ்த்தாடையைப் பின்னால் கொண்டுபோவதா, இரண்டையும் பகிர்ந்து செய்வதா என்பது முக அமைப்பை மட்டும் அல்லாமல் மூச்சுப் பாதையையும் பொறுத்தது. கீழ்த்தாடையை அதிகம் பின்னால் கொண்டுபோனால் நாக்குக்குப் பின்னால் உள்ள இடம் குறுகுகிறது. ஏற்கெனவே குறட்டை விடுபவருக்கும் உடல் பருமன் உள்ளவருக்கும் இதனால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லை வரலாம். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று உங்கள் அறைத் தோழரிடமோ வீட்டாரிடமோ கேட்டு, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

இனி அப்பாவின் கோபம். அதை நான் மதிக்கிறேன். மகன் தன் தாடையைக் குறை என்று சொல்லும்போது, தன் முகத்தையும் தன் தகப்பனார் முகத்தையும் சேர்த்துச் சொல்வதாகத்தான் ஒரு தந்தைக்குக் காதில் விழும். இந்தத் தாடை அமைப்பு குடும்பவழியாக வருவது உலகம் முழுவதும் உள்ளது. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஓவியங்களில் நீண்ட கீழ்த்தாடை தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை இன்றும் பார்க்கலாம். அப்பாவிடம் முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போனால் கடைவாய்ப்பற்கள்தான் முழுச் சுமையையும் தாங்குகின்றன. அவை சீக்கிரம் தேயக்கூடும். மெல்லுவதும், உதடு மூடுவதும், சில ஒலிகளை உச்சரிப்பதும் பாதிக்கப்படுகின்றன. அப்பாவுக்கு இவை தொல்லையாக இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அவருக்குச் சிகிச்சை தேவைப்படவில்லை என்பதும், உங்களுக்குத் தேவைப்படுகிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

அதே சமயம், முகத்தோற்றம் மாற வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது வெட்கப்பட வேண்டிய ஆசை அல்ல. முகம் எவ்வளவு மாறும், எங்கே மாறாது என்று அவர் முன்கூட்டியே விளக்க அது தேவை. மேல்தாடையை முன்னால் கொண்டுவந்தால் மூக்கின் அடிப்பகுதி சற்று அகலும், மூக்குநுனி சற்று உயரும். இதைக் குறைக்க ஒரு தையல் முறை உண்டு, ஆனாலும் மாற்றம் முழுவதும் இல்லாமல் போகாது. இதைச் சொல்லாமல் விட்டால், தாடை சரியாக அமைந்த பிறகும் கண்ணாடி முன் நின்று மூக்கைப் பார்த்து வருந்துபவர்கள் உண்டு.

23 வயதில் ஆண்களுக்குத் தாடை வளர்ச்சி பெரும்பாலும் நின்றிருக்கும். பெண்களுக்குப் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே நின்றுவிடும். ஆயினும் ஊகத்தின் பேரில் கத்தி எடுக்கக் கூடாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றம் இல்லை என்று உறுதிசெய்துகொள்வதே முறை. வளர்ச்சி நிற்காத தாடையில் அறுவை சிகிச்சை செய்தால், மீதி வளர்ச்சி மெதுவாகப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும். கடந்த சில ஆண்டுகளில் தாடையோடு செருப்பின் அளவும் மோதிரத்தின் அளவும் கூடியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு நோயில் அப்படி நடக்கும். அது இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை.

அறுவை சிகிச்சை தேவை என்று முடிவானால் அதற்கு முன்பு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கிளிப் போட வேண்டியிருக்கும். பலர் மனம் தளர்வது இந்தக் காலத்தில்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன ஈடுகட்டும் சாய்வை நீக்கும்போது, மேல் முன்பற்கள் உள்ளே போகும், கீழ் முன்பற்கள் வெளியே வரும். அதாவது மாதம் செல்லச் செல்லக் கடி மோசமாகிக்கொண்டே போகும். கீழ்த்தாடை முன்பைவிட நீண்டதுபோல் தெரியும். அதுவரை எப்படியோ கடித்துச் சாப்பிட்ட பண்டங்களும் கடிபடாது. "கிளிப் போட்ட பிறகு உன் பல் இன்னும் கெட்டுப்போய்விட்டதே" என்று உறவினர்கள் சொல்வார்கள். அவர்கள் கண்ணால் காண்பது உண்மைதான், ஆனால் சிகிச்சை சரியான திசையில் போவதற்கு அதுவே அடையாளம். பற்கள் தங்கள் எலும்பின் மேல் நேராக நின்றால்தான் எலும்பைத் தேவையான தூரம் நகர்த்த இடம் கிடைக்கும். இந்தக் கட்டத்தில் பயந்து சிகிச்சையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட முடிவு. முதலில் அறுவை சிகிச்சை, பிறகு கிளிப் என்று செய்யும் முறையும் இருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் அது பொருந்தும். கீழ்த்தாடையில் ஞானப்பற்கள் புதைந்திருந்தால், அவற்றைச் சுமார் ஆறு மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடப் பல அறுவை நிபுணர்கள் விரும்புகிறார்கள். எலும்பைப் பிளக்கும் கோடு அவ்வழியாகத்தான் போகிறது.

இப்போது அறுவை அரங்கில் நடப்பதைச் சொல்கிறேன். ஆஸ்திரியாவில் பிறந்த அறுவை மருத்துவர் ஹியூகோ ஒப்வெகேசர், ரிச்சர்ட் ட்ரௌனருடன் சேர்ந்து 1957-ல் வெளியிட்ட முறைதான், பிற்காலத்தில் செய்யப்பட்ட திருத்தங்களோடு, இன்றும் கீழ்த்தாடைக்குப் பயன்படுகிறது. வெட்டு வாய்க்குள்ளேயே அமைகிறது. கன்னத்தில் தழும்பு விழுவதில்லை, சிலருக்கு மட்டும் ஸ்க்ரூ போடக் கன்னத்தில் மிகச் சிறு துளை தேவைப்படலாம். கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால் உள்ள எலும்பைக் குறுக்கே துண்டிக்காமல், வெளித்தட்டு உள்தட்டு என்று நீளவாக்கில் பிளக்கிறார்கள். தீப்பெட்டியின் உள்தட்டு உறைக்குள் நகர்வதுபோல், பல் வரிசை உள்ள பகுதி முன்னோ பின்னோ நகர்கிறது. இரு தட்டுகளும் அகலமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதால் எலும்பு நன்றாகக் கூடுகிறது. மேல்தாடையை மூக்கின் அடிமட்டத்துக்கு மேலாகக் கிடைமட்டமாக வெட்டி, விடுவித்து, புதிய இடத்தில் பொருத்துகிறார்கள். அப்படி விடுவித்த எலும்பு உயிரோடு இருக்குமா என்ற ஐயம் மருத்துவர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் பெல் குரங்குகளில் நடத்திய ஆய்வுகள், அண்ணத்தின் சதையும் ஈறும் ஒட்டியிருந்தால் அவற்றின் வழியாகவே போதிய இரத்தம் எலும்புக்குக் கிடைக்கிறது என்று காட்டிய பிறகு, 1970-களில் இந்த அறுவை சிகிச்சை பரவலாயிற்று. எலும்புகளைப் பிடித்து நிறுத்த டைட்டானியம் பிளேட்டுகளும் ஸ்க்ரூக்களும் வைக்கப்படுகின்றன. தொல்லை தராவிட்டால் அவற்றை ஆயுள் முழுவதும் அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு தாடைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், இரண்டுக்கும் சேர்த்து நான்கைந்து மணி நேரமும் ஆகும். அம்மாவின் பயத்துக்கு என் பதில் இது: முழு மயக்கத்தில், மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மூச்சைக் கவனித்துக்கொண்டு செய்யும் சிகிச்சை இது, அந்த நேரம் முழுவதும் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் உங்கள் தலைமாட்டை விட்டு நகர்வதில்லை. உடல்நலம் உள்ள 23 வயது இளைஞருக்கு மயக்க மருந்தால் பெரிய ஆபத்து நேர்வது மிக அரிது. அரிது என்றால் இல்லை என்று பொருள் அல்ல. ஆகவே ஆஸ்துமா, வலிப்பு, முன்பு மயக்க மருந்தின்போது குடும்பத்தில் யாருக்காவது ஏற்பட்ட சிக்கல், புகைப் பழக்கம் ஆகிய எதையும் மறைக்கக் கூடாது. அறுவை அரங்கு வசதி, தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கித் தொடர்பு ஆகியவை உள்ள மருத்துவமனையில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். பல் கிளினிக்கில் செய்யும் சிகிச்சை அல்ல இது.

உதடு மரத்துப்போவது பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, நாம் பிளக்கும் எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. அதை அறுப்பதில்லை, ஆனால் பிளக்கும்போது அது இழுபடவும் நசுங்கவும் செய்கிறது. அறுவைக்குப் பிறகு ஆரம்ப வாரங்களில் மரத்துப்போகாதவர்களே குறைவு. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு, அது இந்த வழியில் இல்லை. ஆகவே வாய் கோணிப்போய்விடும் என்ற அச்சம் வேண்டாம், அது நேர்வது மிக அபூர்வம். உணர்ச்சி இல்லாததால் அன்றாடத்தில் நேர்வது வேறு விதமானது: சவரம் செய்யும்போது கீறினாலும் தெரியாது, சூடான டீ உதட்டைச் சுட்டாலும் தெரியாது, ஓரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பதும் தெரியாது. நாளடைவில் குறுகுறுப்பும் சுருக்சுருக்கென்ற குத்தலும் தொடங்கும். அது நரம்பு விழித்துக்கொள்வதன் அறிகுறி. பெரும்பாலோருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடுகிறது. ஓராண்டு, அதற்கு மேலும் ஆகலாம். ஒரு பகுதியினருக்குச் சிறிய இடத்திலாவது மரத்த தன்மை நிரந்தரமாக நின்றுவிடுகிறது. வயது கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது. மோவாய் எலும்பையும் சேர்த்து வெட்டினால் மேலும் கூடுகிறது. "எனக்கு அது நிரந்தரமாகிவிட்டால், அப்போதும் இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டுமா?" என்று உங்களையே கேளுங்கள். ஆம் என்று மனம் சொன்னால் மட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

மற்ற ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, பிளேட் தளர்ந்து எடுக்க நேர்வது, எலும்பு நினைத்த கோட்டில் பிளக்காமல் வேறு வழியில் உடைவது, எலும்பு சரியாகக் கூடாமை, பற்களின் உயிரோட்டம் குறைவது, தாடை மூட்டில் வலி ஆகியவை நேரக்கூடியவை. இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தாடை ஓரளவு பழைய நிலையை நோக்கித் திரும்பவும் கூடும். நகர்த்திய தூரம் அதிகமாகும்போது அதற்கான வாய்ப்பும் அதிகம். அதனால்தான் அறுவைக்குப் பின்னும் பல மாதங்கள் கிளிப் தொடர்கிறது. புகைபிடிப்பவர்களுக்குக் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்றும் கூடும். சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தாதவருக்கு அறுவைத் தேதியைத் தள்ளிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

குணமாகும் காலத்தைப் பற்றி மருத்துவமனைத் தாள்களில் இருப்பதைவிடச் சற்று அதிகம் தெரிந்துகொள்வது நல்லது. முதல் இரவு, விழுங்கிய இரத்தத்தால் வாந்தி வரலாம். பற்கள் ரப்பர் பேண்டால் கட்டியிருக்க, மூச்சு முட்டிவிடுமோ என்ற பீதி எழும். திரவம் பற்களின் இடுக்கு வழியாக வெளியேறிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் குனிந்தால் போதும், செவிலியர் உறிஞ்சுகுழாயுடன் பக்கத்தில் இருப்பார். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். மூக்கு அடைத்திருக்கும், மேல்தாடை அறுவை ஆனவர்கள் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறக்க முடிந்த அளவு திறந்து தும்ம வேண்டும். தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் வீக்கத்தின் பெரும்பகுதி வடியும். கடைசிச் சொட்டு வடிந்து உண்மையான முகம் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். முன்பெல்லாம் ஆறு வாரம் தாடைகளைக் கம்பியால் இறுகக் கட்டினார்கள். இப்போது பிளேட்டுகள் எலும்பைப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் ரப்பர் பேண்டே போதுமாகிறது. எதுவாயினும், அவசரத்துக்குக் கத்தரிக்க ஒரு சிறு கத்தரிக்கோலை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள், எதை வெட்ட வேண்டும் என்று வீட்டாருக்கும் காட்டிவையுங்கள்.

சாப்பாடு முதல் இரண்டு வாரம் முழுக்கத் திரவம், அதன்பின் ஆறு வாரம் வரை மெல்லத் தேவையில்லாத குழைவு. சில கிலோ எடை குறைவது இயல்பு; அதை மட்டுப்படுத்துவது வீட்டுச் சமையலறையின் கையில் இருக்கிறது. வெறும் இளநீரும் பழச்சாறும் போதாது, எலும்பு ஒன்றுசேரப் புரதம் வேண்டும். கேழ்வரகுக் கூழை மோரில் நீர்க்கக் கரைக்கலாம். வேகவைத்த பருப்பையும் சோற்றையும் நெய் விட்டு மிக்ஸியில் அடிக்கலாம். முட்டை சாப்பிடுபவர்கள் அதைச் சூப்பில் கலக்கலாம். எதையும் வடிகட்டாமல் தர வேண்டாம்: ஒரு கடுகோ மிளகாய் விதையோ ரப்பர் பேண்டில் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அகலமான சிரிஞ்சின் முனையில் மென்மையான குழாயைப் பொருத்திக் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து, குழந்தைகளுக்கான பிரஷ்ஷால் பற்களைத் துலக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் மனம் சோர்ந்துபோவது மிகப் பலருக்கு நேர்கிறது. பசி அடங்காது, பேச வராது, கண்ணாடியில் தெரியும் வீங்கிய முகம் தன்னுடையதாகவே தோன்றாது. அந்த நாட்களில் பார்க்க வருபவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஆழமாகத் தைக்கும். ஒரு மாதத்துக்கு உறவினர் வருகையைத் தவிர்க்கச் சொல்லி வீட்டில் முன்பே பேசிவையுங்கள். சோர்வு அந்த வாரங்களைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் மூன்று வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்கும் வேலை என்றால் எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் தர வேண்டும். கால்பந்து, கபடி போன்றவற்றுக்கு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவரானால், மருத்துவச் சான்றுடன் எடுக்கும் நோய் விடுப்புக்குத் தகுதியுள்ள தொழிலாளருக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. சிகிச்சைச் செலவுக்கு வழி உண்டா என்று உங்கள் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே கேளுங்கள். தனியார் காப்பீடு இருந்தால், அழகுக்கான சிகிச்சை என்றோ பல் சிகிச்சை என்றோ சொல்லி மறுக்க வாய்ப்புண்டு. மெல்லுதலும் பேச்சும் பாதிக்கப்பட்டிருப்பதை மருத்துவர் அறிக்கையில் எழுதச் செய்து, முன் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். சென்னையிலும் சிதம்பரத்திலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் பல் சீரமைப்பு, முகத்தாடை அறுவை சிகிச்சை ஆகிய இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஓசூரிலிருந்து பெங்களூரும் பக்கம்தான். எங்கே போனாலும், ஒரு தாடையா இரண்டா, பிளேட் விலை, மயக்கவியல் கட்டணம், அறை, கிளிப் சிகிச்சை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதல் ஆலோசனைக்குப் போகும்போது, 16, 18, 20 வயதில் எடுத்த பக்கவாட்டுப் புகைப்படங்கள் கிடைத்தால் கொண்டுபோங்கள், வளர்ச்சி நின்றதா என்று பார்க்க அவையும் உதவும். அப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். செஃபலோகிராம் படத்தை வெளிச்சத்தில் வைத்து மருத்துவர் அளந்து காட்டும்போது அப்பா கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும். அதன்பின் முடிவை நீங்கள் எடுங்கள்.